தலையில் தண்ணீர், நாக்கில் தாகம்

என் தலைக்குள் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று கொழும்பு டாக்டர் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பீலித் தண்ணிங்க ஐயா?" என்பதுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லய வரிசைகளில் மேல் லயத்துக்கு ஒரு பீலி, கீழ் லயத்துக்கு ஒரு பீலி. மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வந்து கொட்டும் தண்ணீர். கீழ்ப் பீலியில் தலை குளித்தால் சளி இறங்காது என்று அம்மாவுக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா கண்டியில் பிறந்த தமிழ்ப் பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. குடிக்கிற தண்ணீர் இல்லை, மூளைக்குள்ளேயே ஊறுகிற தண்ணீர் என்று பொறுமையாக விளக்கினார். அம்மா தலையை ஆட்டினாள். அம்மா தலையை ஆட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெரிய மனிதர்கள் பேசும்போது தலையை ஆட்டவேண்டும் என்று அவளுக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். அறுபதுகள் பிறந்து அதிக நாள் ஆகவில்லை. எனக்குப் பதினெட்டு வயது. காலையில் எழுந்தால் தலை பிளக்கும். வாந்தி எடுத்தால் கொஞ்சம் லேசாகும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கிறபோதுதான் பெரும்பாலும் வாந்தி வரும். கங்காணிக்கு அது போதாதா? "மலைக்கு ஏறணும்னா மட்டும் இந்தப் புள்ளைக்குக் கொமட்டும்" என்பார். லயத்துப் பெண்களின் கணக்கு வேறு. கல்யாணமாகாத பெண் காலையில் வாந்தி எடுத்தால் அவர்களுக்கு வேறென்ன தோன்றும்? பீலியடியில் ஒருத்தி வாயைவிட்டுக் கேட்டேவிட்டாள். அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் சேர்ந்து விலக்க வேண்டியிருந்தது.

அப்புறம் கண் கெட்டது. ஒரு கொழுந்து இரண்டாகத் தெரியும். இல்லாத கொழுந்துக்குக் கை போய் வெறுமனே திரும்பி வரும். கூடைக் கயிறு நெற்றியை அழுத்துவதால்தான் இப்படி என்றார்கள். துணியை மடித்து வைத்துக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா எல்லா நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைத்தான் ஊற்றுவார். எனக்கும் அதையே ஊற்றினார். ஒருநாள் நான் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்துவருவதைப் பார்த்தவர், போத்தலை மூடி வைத்தார். "இது என் மருந்துக்கு அடங்கற சங்கதி இல்ல" என்று நுவரெலியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் மண்டைக்குள் காற்றை ஏற்றிப் படம் பிடித்தார்கள். அந்த வலியைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை.

அப்பாவுக்குக் கான் வெட்டுகிற வேலை. தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க, குறுக்கே வாய்க்கால் வெட்டி வழி விடுவார்கள். அதைத்தான் கான் என்போம். டாக்டர் சொன்னதை நர்ஸம்மா அப்பாவுக்கு இப்படி எடுத்துச் சொன்னார்: "மூளைக்குள்ள தண்ணி ஓடற ஒரு சின்ன வாய்க்கால் அடைச்சிருக்கு. தண்ணி வெளிய போக வழியில்லாம உள்ளயே தேங்கி நிக்குது. மண்டையில ஒரு சின்ன ஓட்டை போட்டு, வெளக்கு வச்ச மெல்லிசான குழாய உள்ள விட்டு, அடியில வேற வழி தொறந்து விடப்போறாங்க."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். "கான் அடைச்சிருக்குன்னு சொல்லுங்கம்மா" என்றார். "அடைச்ச கானக் குத்திக்கிட்டு இருக்கப்புடாது. பக்கத்துல புதுக் கான் வெட்டி விட்டுறணும். டாக்டரு சரியாத்தான் சொல்றாரு." டாக்டரைத் தன் ஆளாகவே சேர்த்துக்கொண்டார். ஆபரேஷனுக்கான சம்மதக் காகிதத்தில் உடனே கட்டைவிரலை அழுத்தினார்.

எனக்கு மொட்டை அடித்தார்கள். சாமிக்குக் கொடுக்காத முடியை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறோமே என்று அம்மா அழுதாள். ஆபரேஷன் முடிந்து கண்ணைத் திறந்தபோது தலைவலி இல்லை. அந்த அதிசயத்தை எப்படிச் சொல்வது? மாசக்கணக்கில் மண்டைக்குள் இடித்துக்கொண்டிருந்த ஒருவன் உலக்கையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு நர்ஸம்மா ஒரு நர்ஸம்மாவாகவே தெரிந்தார். அன்றிலிருந்து ஓரிரு நாட்கள் கடுமையாகத் தாகம் எடுத்தது. கட்டில் பக்கத்தில் கூஜா வைத்தார்கள். நான் குடித்ததையும் வெளியே போனதையும் அளந்து எழுதினார்கள். பிறகு அது தானாக அடங்கியது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று நர்ஸம்மா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மூளைக்கு அடியில ஒடம்புத் தண்ணிய அளந்து பாக்கற ஒரு எடம் இருக்கு. அது ஆபரேஷன்ல கொஞ்சம் அதிர்ந்துபோச்சு. அதனாலதான் தாகம் எடுத்தது. இப்ப சரியாயிருச்சு. ஆனா மறுபடி தாகம் வந்தா ஒடனே கூட்டிக்கிட்டு வந்துருங்க. வெளையாட்டா இருக்காதீங்க." அப்பா, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். எல்லாவற்றுக்கும் சரிங்கம்மாதான். ரயிலில் வரும்போது அம்மாவிடம் அதை அவர் சொன்ன விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "தாகம் வந்துச்சுன்னா தலையில மறுபடி தண்ணி கட்டுதுன்னு அர்த்தம். கவனமா இருக்கணும்."

தாகம் வந்தது. தலையில் முடி குத்தலாக முளைத்துக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் சோறு தின்றுவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். அடங்கவில்லை. இன்னொரு செம்பு. அப்புறம் குடத்தைச் சாய்த்து வாயை வைத்தேன். குடித்த கொஞ்ச நேரத்தில் வெளியே ஓடவேண்டியிருந்தது. வந்ததும் மறுபடி குடம். மறுநாளும் அப்படியே. டீயோ கஞ்சியோ வேண்டாம், பீலித் தண்ணீர்தான் வேண்டும். பல் கூசுகிற குளிரில் வேண்டும். லயத்தில் எதுவும் மறைவாக நடக்காது. நான் எத்தனை தடவை வெளியே போகிறேன் என்பது எனக்கு முன்னால் லயத்துக்குத் தெரியும். கொழும்புக்குப் போன இடத்தில் ஏதோ தண்ணிப் பேய் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றார்கள்.

"கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிருவமா?" என்று அப்பாதான் முதலில் கேட்டார். அம்மா பதறிப்போனாள். "கூட்டிட்டுப் போனா திரும்பத் தலையத் தொறப்பாங்க. ஒரு தடவ புள்ள பொழச்சு வந்ததே அந்த மாரியாத்தா புண்ணியம். இன்னொரு தடவ தொறந்தா நான் பொணத்ததான் தூக்கிட்டு வரணும்." அப்பா யோசித்தார். யோசித்தவர் தன் தொழிலுக்குள் போய்விட்டார். புதிதாக வெட்டிய கானின் கரை இறுகுகிற வரைக்கும் அதில் பெருவெள்ளத்தை விடக்கூடாது. விட்டால் கரை இடிந்து கான் தூர்ந்துபோகும். இது மலையில் அவர் கண்ணால் கண்டது. "தலையில வெட்டுன கானு இன்னும் எறுகல. இவ இப்படிக் கொடம் கொடமாக் குடிச்சா அது தாங்குமா? கொஞ்ச நாளைக்குத் தண்ணிய நிறுத்திப் பாப்போம்."

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் பத்தியம் காப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பச்சை உடம்பில் தண்ணீர் சேரும் என்பார்கள். தலையைத் திறந்து மூடிய உடம்பும் பச்சை உடம்புதானே? அப்பாவின் கானும் அம்மாவின் பத்தியமும் சேர்ந்துகொண்டன. காலையில் ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அதைத்தான் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறார்கள். எனக்கு என்ன அளவோ அதையே அம்மா தனக்கும் வைத்துக்கொண்டாள். நாள் முழுக்க மலையில் வெயிலிலும் காற்றிலும் நின்று கொழுந்து பறிக்கிறவள், எனக்காக வாயைக் கட்டினாள். நான் தண்ணீருக்கு அழும்போதெல்லாம் அவளுக்கு அது ஒரு பேச்சாகிவிட்டது. "நானுந்தானடி குடிக்காம இருக்கேன். எனக்குத் தாங்குதுல்ல? ஒனக்கு மட்டும் என்ன? மனச அடக்குடி."

என்னத்தை அடக்குவது? நாக்கு தடித்து வாய்க்குள் கட்டையாகக் கிடந்தது. எச்சில் இல்லை. அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆனாலும் ஒன்றுக்குப் போவது மட்டும் நிற்கவே இல்லை. அம்மா அதைப் பார்த்து, "பாரு, இன்னும் உள்ள தண்ணி கெடக்கு" என்பாள். எனக்கு அவளை அடிக்கவேண்டும் போலிருக்கும். ஒருநாள் பீலிக்கு ஓடி வாயை வைத்துவிட்டேன். அதிலிருந்து வேலைக்குப் போகும்போது என்னை எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். குடம், செம்பு, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவைத்துவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள் அம்மா. எனக்குள் இருந்த சாமியையா கும்பிட்டாள், பேயையா என்று தெரியாது.

அன்றைக்கு நல்ல மழை. தகரக் கூரையில் காது அடைக்கிற சத்தம். கூரை ஓரத்திலிருந்து தண்ணீர் வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு முன்னால் வரிசையாக ஊற்றுகிறது, நான் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டுகிறேன், எட்டவில்லை. கழுவாத தட்டில் ஒட்டியிருந்த கஞ்சியை நக்கினேன். ஈரச் சுவரில் நாக்கை வைத்தேன். சுண்ணாம்பு எரிந்தது. அப்புறம் தரையில் படுத்துக்கொண்டு யாரையோ திட்டினேன். என்ன திட்டினேன் என்று எனக்கு நினைவில்லை.

அது அடுத்த காம்பராவில் இருந்த அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. லயத்துச் சுவர் கூரைவரைக்கும் போகாது. இங்கே தும்மினால் அங்கே 'நூறு' என்பார்கள். அந்த அக்கா பிள்ளை பெற்று முப்பது நாள் கழியவில்லை. தீட்டு. பீலியைத் தொடக்கூடாது, வாசல் தாண்டக்கூடாது. அவளுக்கும் தண்ணீர் கிடையாது. இஞ்சியும் பூண்டும்தான்.

"என்னாடி அனத்திக்கிட்டே இருக்கே?" என்றாள் சுவருக்கு அந்தப்பக்கம்.

"தண்ணிக்கா. ஒரு வாய்க்கா. செத்துருவேன்க்கா."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆனா நான் செத்துருவேன்னு எனக்குத் தோணல. ஒனக்கு நெசமாவே தோணுதா?" என்றாள்.

"நெசமா."

"ஒங்காத்தா வந்தா என்னய வெட்டிப் போட்டுருவா" என்று முணுமுணுப்பது கேட்டது. அப்புறம் கதவு திறக்கும் சத்தம். அவள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, பச்சை உடம்போடு, அந்த மழையில், தீட்டோடு பீலிக்குப் போனாள். தகர வாளியில் பிடித்துக்கொண்டுவந்து இஸ்தோப்பில் வைத்து, ஜன்னல் கம்பிக்கு நடுவே டம்ளர் டம்ளராக நீட்டினாள். நான் குடித்தேன். வாளி தீர்ந்தது. மறுபடி போய்ப் பிடித்துவந்தாள். கம்பியை விட்டு நான் கையை எடுக்கவே இல்லை. என் முகத்தை அவள் அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். "ஐயோ, என்னாடி இது, கண்ணு குழிக்குள்ள போயிருச்சே!" என்று கத்தினாள். பிள்ளையை மாரில் போட்டுக் கம்பளிக்குள் மூடிக்கொண்டு நேரே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

மருந்தையா வந்தபோது நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பேச்சு குழறியது. அவர் கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார். "என்ன நோயின்னு எனக்குத் தெரியாது. ஆனா கொழும்புக்கு இப்பவே போகணும்" என்று சொல்லி, துரை பங்களாவுக்கு ஆள் அனுப்பி லொறியைக் கேட்டார். சேதி மலைக்குப் போய் அம்மா கூடையோடு ஓடிவந்தாள். உடைந்த பூட்டையும் இஸ்தோப்பில் இருந்த வாளியையும் பார்த்தாள். அக்காவின் கழுத்தைப் பிடித்துவிட்டாள். "தீட்டுக் கையால தண்ணி குடுத்து எம்புள்ளயக் கொன்னுட்டியேடி, பாவி!"

அக்கா திமிறவில்லை. "குடுத்தேன்தான். நாளைக்கும் குடுப்பேன். என்னடி பண்ணுவ?" என்றாள். மழையில் நனைந்ததில் அவளுக்குப் பல் கிட்டி உடம்பு குளிரில் வெடவெடத்தது. இந்த இரண்டு பேருக்கும் இடையில் பிற்பாடு என்ன பேச்சு நடந்ததென்று எனக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து திரும்பிய பிறகு அம்மா ஒருநாள் அந்தக் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. அக்காவின் அந்தப் பிள்ளையைப் பாதி வளர்த்தது என் அம்மாதான்.

கொழும்பில் யாரும் என் தலையைத் திறக்கவில்லை. ஊசி போட்டார்கள். அப்புறம் ஒரு பொடி கொடுத்தார்கள், மூக்கில் உறிஞ்சுகிற பொடி. என் உடம்பு செய்ய மறந்த வேலையை அந்தப் பொடி செய்யுமாம். அதை உறிஞ்சினால் குடித்த தண்ணீர் உடம்பில் தங்கும். அது கிடைக்காத வாரங்களில் வாளியும் நானும்தான். தோட்டத்துக்குத் திரும்பியபின், "என்ன பாட்டி, பொடி போட்டாச்சா?" என்று என் வயசுப் பெண்களே கேலி செய்வார்கள். போட்டாச்சுடி பேத்தி என்பேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோகும். பரவாயில்லை, உயிர் இருக்கிறதே.

நான் சொல்லவந்தது அந்தக் கொழும்பு ஆஸ்பத்திரியில், ஊசி போட்ட பிறகு வந்த ஒரு பகல் பொழுதைப் பற்றி. நான் தெளிந்து கண் விழித்திருந்தேன். நர்ஸம்மா அப்பாவையும் அம்மாவையும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தலைக்குள்ள ஊறற தண்ணி வேற, வாயால குடிக்கற தண்ணி வேற. குடிக்கறது தலையில போய்ச் சேராதும்மா. டாக்டரு தொறந்துவிட்ட வழி நல்லாவே இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகல. இது வேற. இவ ஒடம்புல தண்ணி நிக்காம ஓடிப்போகுது. போறதுக்கு ஏத்தாப்புல இவ குடிச்சுக்கிட்டே இருக்கணும். குடிக்கலன்னா காய்ஞ்சே செத்துருவா. இன்னும் ஒரு நாள் போயிருந்தா கொண்டுவந்தும் பிரயோசனமில்ல."

அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அழவில்லை. வழக்கம்போலத் தலையை ஆட்டவும் இல்லை. முடி முளைத்துவந்த என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நர்ஸம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்ங்க. இவ தண்ணி தண்ணின்னு கத்துனப்பல்லாம்... அது சீக்கு கத்துனது இல்லீங்களா? இவளுக்கே நெசமா தாகமா?"

"ஆமாம்மா. இவளுக்கேதான்."

"நானும் குடிக்காமத்தாங்க இருந்தேன். எனக்குத் தாங்குச்சு. அதான் இவளுக்கும்..."

"ஒங்களுக்கு எடுத்தது தாகம்மா" என்றார் நர்ஸம்மா. "இவளுக்கு எடுத்தது அந்தத் தாகம் இல்ல. அத நீங்களும் பாத்திருக்க மாட்டீங்க, நானும் பாத்ததில்ல." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அம்மா எழுந்து கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவசரத்தில் பாதி என் கழுத்தில் சிந்தியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளவேண்டும், உன் கையால் எனக்கு வேண்டாம் என்று சொல்லவேண்டும், அதைச் சொல்லி அவளை அழவைக்கவேண்டும் போலிருந்தது. தாகம் விடவில்லை. ஒரே மூச்சில் குடித்து டம்ளரைக் காலி செய்தேன். இன்னும் வேண்டும்போல் இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று அத்தனை நாளில் பழகிப்போயிருந்தது. வாயை மூடிக்கொண்டு காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அம்மாவுக்கு அது விளங்கிவிட்டது. கூஜாவைச் சாய்த்து மறுபடி நிரப்பினாள்.

"கேளுடி" என்றாள். "வாயத் தொறந்து கேளு. கேட்டுக்கிட்டே இரு."